ஒன்பதாம் வகுப்புப் பையன், வாயால் சொன்னால் முழு மதிப்பெண், எழுதினால் பூஜ்யம் – டிஸ்லெக்சியாவா? பொதுத்தேர்வுக்கு என்ன செய்யலாம்?

அறிவியல்_டீச்சர்

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன், தமிழ் வழி. இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், 14 வயது. வகுப்பில் கேள்வி கேட்டால் முதல் கை அவனுடையதுதான். ஒளி பாடம் நடத்தும்போது, தண்ணீரில் விட்ட குச்சி ஏன் முறிந்த மாதிரி தெரிகிறது என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்கு முன்பே எழுந்து, தண்ணீருக்குள் ஒளியின் வேகம் குறைகிறது டீச்சர், அதனால் திசை மாறுகிறது என்றான். அதோடு நிற்காமல், கிணற்றுக்குள் கிடக்கிற காசு கொஞ்சம் மேலே இருப்பது போலத் தெரிவதும் இதுதானே என்று கேட்டான். அதே கேள்வி தேர்வில் வந்தது. விடைத்தாளில் இரண்டே வரி: "ஒலி தனிரில் பொகும் பொது வெகம் குரைம்". ஒளி என்று அவன் நினைத்தது தாளில் ஒலியாக நிற்கிறது. விடைத்தாள் திருத்துகிற வேறு யாரும் அதற்கு மதிப்பெண் போட மாட்டார்கள்.

வாசிக்கச் சொன்னால் இன்னும் கஷ்டம். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் போகிறான், வரி முடிவதற்குள் வியர்த்துவிடுகிறது. கரும்பலகையில் இருப்பதை மற்றவர்கள் எழுதி முடிக்கும்போது இவன் மூன்றாவது வரியில் இருப்பான். ஆசிரியர் அறையில் இவனைப் பற்றிப் பேச்செடுத்தால் சோம்பேறி, வீட்டில் கவனிப்பதில்லை என்றுதான் பேச்சு. அப்பா சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறார், அம்மாவிடம் பேசினேன், ஒண்ணாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான், அடி வாங்காத வருடமே இல்லை என்று அழுதார்.

டிஸ்லெக்சியாவாக, அதாவது அறிவு இருந்தும் வாசிப்பதும் எழுத்துக்கூட்டுவதும் மட்டும் வராத கற்றல் குறைபாடாக இருக்குமோ என்று எனக்குப் படுகிறது. அடுத்த வருடம் பொதுத்தேர்வு. வகுப்பில் நான் என்ன செய்யலாம், தேர்வில் என்ன சலுகை கிடைக்கும், அதற்கு யாரிடம் போக வேண்டும்? 40 பேர் இருக்கும் வகுப்பு, தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க மதிய இடைவேளை மட்டும்தான் இருக்கிறது. இதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

வளமையம்_சிறப்புப்பயிற்றுநர்

டீச்சர், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் சந்தேகப்பட நிறையக் காரணம் இருக்கிறது, ஆனால் டிஸ்லெக்சியா என்று நீங்களோ நானோ முடிவு கட்ட முடியாது. நான் வட்டார வள மையத்தில் உள்ளடக்கிய கல்விப் பிரிவில் வேலை செய்கிறேன். முதலில் கண், காது இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பலகை சரியாகத் தெரியாமல் தப்புத் தப்பாகப் பார்த்தெழுதும் பிள்ளைகள் உண்டு, காதில் சீழ் வடிந்து கேட்கும் திறன் குறைந்து, லகரத்துக்கும் ளகரத்துக்கும் வித்தியாசம் கேட்காத பிள்ளைகளும் உண்டு. அவை சரியாக இருந்தால் அடுத்து உளவியலாளர். நுண்ணறிவுச் சோதனை வைப்பார்கள், அப்புறம் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், புரிதல், கணக்கு ஆகியவற்றைத் தனித்தனியாகச் சோதிப்பார்கள். இதற்குப் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைத்தான் மத்திய அரசின் வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது.

எங்கே போவது என்றால், முதல் படி உங்கள் வட்டார வள மையம். எங்களுக்கு ஒரு போன் போதும், பள்ளிக்கு வந்து பையனைப் பார்ப்போம், மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும்போது கூட்டி வரச் சொல்வோம். முகாமில் முடியாததை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதுவார்கள். விருதுநகரிலேயே இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இல்லாவிட்டால் மதுரை இராசாசி மருத்துவமனை, மனநலப் பிரிவில் கேட்க வேண்டும். சான்றிதழ் வந்ததும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரத்தில் பதிவு செய்யுங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

வயதைப் பற்றி ஒரு விஷயம். 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டுதலின்படி 8 வயது முடிந்த பிறகுதான் கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் தருவார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் திரும்ப மதிப்பீடு செய்ய வேண்டும், 18-ல் தருவது ஆயுளுக்கும் செல்லும். 2024-ல் வழிகாட்டுதலைத் திருத்தியிருக்கிறார்கள் என்பதால் மருத்துவமனையில் இப்போதைய நடைமுறையையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பையனுக்கு 14 என்பதால் இப்போது எடுப்பது சரியான நேரம்.

இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதில்லை என்பதைப் பெற்றோருக்கும் தலைமை ஆசிரியருக்கும் சேர்த்தே சொல்லுங்கள். 1995-ல் வந்த பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, அதில் டிஸ்லெக்சியா கிடையாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள், அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்ற மாதிரி கற்பிப்பது கல்வி நிறுவனத்தின் கடமை என்று 16-வது பிரிவு சொல்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு என்று 17-வது பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

நம் மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வில் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குக் கிடைப்பவை: சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், வேண்டுமென்றால் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு. விண்ணப்பம் பள்ளி வழியாக, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு, மருத்துவச் சான்றிதழ் இணைத்து மாவட்டக் கல்வி அலுவலகம் போய், அங்கிருந்து தேர்வுத் துறைக்குப் போக வேண்டும். பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் நேரத்திலேயே இது போய்விட வேண்டும். பிப்ரவரியில் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற பெற்றோரை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், அந்த நேரத்தில் ஹால் டிக்கெட்டே தயாராகியிருக்கும். அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

மதுரை_அம்மா

டீச்சர், உங்களைப் போல ஒருவர் என் மகளுக்கு ஆறாம் வகுப்பிலேயே கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் இப்போது பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் இருக்கிறாள். பத்தாவதும் பன்னிரண்டாவதும் சொல்வதை எழுதுபவரோடுதான் எழுதினாள். மேலே எல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டார்கள், நான் தேர்வு அறைக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எங்களுக்கு யாருமே சொல்லவில்லை.

எழுத ஆள் கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். பிள்ளைக்குச் சொல்லத் தெரிய வேண்டும். நம்மிடம் பேசுவது வேறு, ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது வாக்கியம் வாக்கியமாகச் சொல்வது வேறு. பத்தாவது காலாண்டுத் தேர்வில் முதன்முறையாகச் செய்து பார்த்தபோது என் மகள் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள், எழுதியவர் பாதியை விட்டுவிட்டார், திரும்பச் சொல்லச் சொன்னதும் இவளுக்கு என்ன சொன்னோம் என்பதே மறந்துவிட்டது. அதற்கப்புறம் வீட்டில் தினமும் சாயந்திரம் பழக்கினோம். கேள்வியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பது, பதிலில் எத்தனை விஷயம் வரும் என்று முதலில் விரல் விட்டு எண்ணிக்கொள்வது, அப்புறம் ஒரு வாக்கியம் சொல்லி, எழுதுபவரின் பேனா நிற்கும் வரை காத்திருந்து அடுத்ததைச் சொல்வது. "புது வரி", "தலைப்பு", "அடிக்கோடு போடுங்கள்" என்று சொல்லப் பழக்கினோம். படத்தை எழுதுபவரிடம் எப்படிச் சொல்வது என்று அறிவியலுக்குத் தனியாகப் பழக வேண்டியிருந்தது. கடைசியில், எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும், வெட்கப்பட்டு அதைக் கேட்காமல் விட்டால் மதிப்பெண் போகும்.

எழுத வருபவர் தெரியாத ஆசிரியர். கொஞ்சம் அதட்டலான குரல் என்றால் இந்தப் பிள்ளைகள் வாயைத் திறக்காது, வாழ்க்கை முழுக்க அதட்டலையே கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா. அதனால் பழக்கும்போது எப்போதும் அம்மாவே உட்காரக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா, சித்தப்பா, வேறு வகுப்பு ஆசிரியர் என்று ஆளை மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். நீங்கள் பள்ளியில் வைக்கும் ஒவ்வொரு இடைத்தேர்விலும் ஒரு பாடத்துக்காவது அவனுக்கு எழுத ஆள் கொடுத்தால் பொதுத்தேர்வில் பயம் இருக்காது.

கூடுதல் ஒரு மணி நேரமும் அப்படித்தான். மற்றவர்கள் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள், மதியப் பசி, வெளியே சத்தம். முழு நேரமும் உட்கார்ந்து எழுதி முன்பே பழகியிருந்தால் மட்டும்தான் அந்த நேரம் உதவும். என் மகளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் நடுவில் கண் மூடி இரண்டு நிமிடமும் போதும் என்று பழகிப் பழகித்தான் தெரிந்தது.

தமிழய்யா_தஞ்சை

நான் தமிழாசிரியர். சலுகைகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள், எல்லாம் வேண்டியதுதான். ஆனால் 14 வயதில் ஒரு பையனுக்கு இனிமேல் வாசிக்க வராது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம், அது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வாசிப்பையும் விடாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தமிழில் இந்தப் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது. ஆங்கிலத்தைப் போல ஒரே எழுத்துக்குப் பத்து ஒலி கிடையாது என்பதால், மெதுவாகக் கூட்டினால் சொல் வந்துவிடும். அதனால் தமிழில் தப்பாக வாசிப்பதை விட மிக மெதுவாக வாசிப்பதுதான் பெரிய அடையாளமாகத் தெரியும், ஆசிரியருக்கு அது சோம்பலாகப் படும். ஆனால் நம் எழுத்திலும் சிக்கல்கள் உண்டு. கெ, கே, கை இவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது, கொ, கோ இரண்டிலும் முன்னாலும் பின்னாலும் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கண் பார்க்கும் வரிசை ஒன்று, வாய் சொல்லும் வரிசை இன்னொன்று. உங்கள் பையன் 'வேகம்' என்பதை 'வெகம்' என்றும் 'போகும்' என்பதை 'பொகும்' என்றும் எழுதியிருக்கிறான் பாருங்கள், கொம்பு போட வேண்டும் என்பது தெரிகிறது, ஒற்றையா இரட்டையா என்பது மட்டும் நழுவுகிறது. குறில் நெடில் காதில் பிரிந்து விழவில்லை. 'தண்ணீரில்' 'தனிரில்' ஆகியிருப்பதில் ஒற்றெழுத்து போய்விட்டது, ணகரமும் போய்விட்டது, நெடிலும் போய்விட்டது. மூன்றும் தனித்தனிப் பயிற்சி.

அவனிடம் 247 எழுத்தையும் திரும்ப எழுதச் சொல்லாதீர்கள், நூறு தடவை எழுதி வா என்ற தண்டனை இவர்களுக்கு எந்த நன்மையும் செய்யாது, தவறான வடிவத்தையே நூறு தடவை பழகுவான். ஒரு நாளைக்கு ஓர் இணை போதும். கல் – கால், படம் – பாடம், எடு – ஏடு. முதலில் எழுதாமல் காதால் கேட்டுக் குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை நீட்டி இழுப்பது. அப்புறம் வாயால் சொல்வது. கடைசியில் எழுதுவது. காது, வாய், கை எல்லாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அதுவும் ஒழுங்கான வரிசையில், சின்னதிலிருந்து பெரியதாக. ஆங்கிலத்துக்கு அமெரிக்க மருத்துவர் ஆர்ட்டன், ஆசிரியை கில்லிங்ஹாம் இருவரும் உருவாக்கிய முறையின் அடிப்படையும் இதுதான், தமிழுக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது, ஆனால் வழி ஒன்றுதான்.

இன்னொன்று, நீளமான சொற்கள். அறிவியல் புத்தகத்தில் 'பயன்படுத்தப்படுகின்றன', 'எதிரொளிக்கப்படுவதால்' என்று ஒரு வரிக்கு இரண்டு வரும். நல்ல வாசகன் அதை ஒரே பார்வையில் எடுத்துக்கொள்வான், இவன் 'ப' என்று ஆரம்பித்துக் கடைசிக்கு வருவதற்குள் முதல் பாதி மறந்துவிடும். பென்சிலால் பயன்/படுத்தப்/படுகின்றன என்று கோடு போட்டுக் கொடுங்கள். நீங்கள் போட வேண்டாம், பக்கத்து மாணவன் ஒருவனே பாடத்துக்கு முதல் நாள் அவன் புத்தகத்தில் போட்டுவிடுவான். கொஞ்ச நாளில் பையனே எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிப்பான், அப்போது கோடு தேவையில்லை.

மொழி விலக்கு பற்றி என் கருத்து: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். சட்டம் கொடுத்திருக்கிறது, வேண்டியவர்களுக்கு வேண்டும்தான். ஆனால் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழை விட்டால் அதைச் சொல்லிக்கொடுக்கும் ஒரே ஆளும் அவனை விட்டுவிடுவார். ஆங்கிலத்தை விட்டால் பாலிடெக்னிக், கல்லூரி போகும்போது திடீரென்று முன்னால் வந்து நிற்கும். எழுத ஆளும் கூடுதல் நேரமும் இருந்தும் ஒரு மொழியில் 35 எடுக்க முடியவில்லை என்றால் அப்போது கேட்கலாம்.

மதுரை_அம்மா

அய்யா, மன்னிக்கவும், கடைசிப் பத்தியில் நான் மாறுபடுகிறேன். என் மகளுக்கு ஆங்கிலத்திலிருந்து விலக்கு வாங்கிய பிறகுதான் மற்ற நான்கு பாடங்களைப் படிக்க மூச்சு விட நேரம் கிடைத்தது. தேர்வுக்குத்தான் விலக்கு, படிப்பதற்கு இல்லையே. பதினொன்றாவது விடுமுறையில் நிதானமாக ஆங்கிலம் கேட்டுக் கேட்டுப் பழகினாள், மதிப்பெண் பயம் இல்லாததால் முன்பை விட நன்றாக வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது இது.

கணக்கு_ஆசிரியர்

ஒரு சந்தேகம், தவறாக நினைக்க வேண்டாம். ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்து, எழுதவும் ஆசிரியரையே உட்கார வைத்தால், ராத்திரி கண் விழித்துப் படித்துத் தானே எழுதுகிற பிள்ளைக்கு அது அநியாயம் இல்லையா? என் வகுப்பிலேயே இதைக் கேட்ட மாணவர்கள் இருக்கிறார்கள், நான் என்ன பதில் சொல்வது? நேரம் போதாமல் போகிற சாதாரணப் பிள்ளைகளும் இருக்கிறார்களே.

கோவை_லேத்

சார், அந்தப் பையன் இடத்தில் இருந்தவன் நான், அதனால் நானே பதில் சொல்கிறேன். இதைக் கூட போனில் பேசித்தான் தட்டச்சு செய்கிறேன், அப்புறம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுத் திருத்துகிறேன்.

அறிவியல் தேர்வு அறிவியல் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு. மூன்று மணி நேரத் தேர்வில் கேள்வியை வாசித்து முடிக்கவே எனக்குக் கணிசமான நேரம் போய்விடும், வாசித்த பிறகு எழுத்துக்கூட்டிக் கூட்டிக் கை போகும். என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூன்று மணி நேரமும் யோசித்து எழுதினான், எனக்கு யோசிக்கக் கிடைத்தது அதில் பாதி கூட இருக்காது. கூடுதல் நேரம் கொடுத்தால் நானும் அவனும் அதே அளவு யோசிக்கிறோம், அவ்வளவுதான். விடை தெரியாதவனுக்கு ஒரு மணி நேரம் என்ன, ஒரு நாள் கொடுத்தாலும் ஒன்றும் வராது. எழுத வருபவர் விடை சொல்லித் தரப் போவதில்லை, நான் தப்பாகச் சொன்னால் தப்பாகத்தான் எழுதுவார். கண்ணாடி போட்ட பையனைப் பார்த்து யாராவது அநியாயம் என்று சொல்வார்களா சார்?

உங்கள் வகுப்பில் கேட்கிற மாணவர்களுக்கு, பலகையில் ஒரு பத்தியைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதிப் போட்டு, ஐந்து நிமிடத்தில் பார்த்தெழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு எழுத்து திரும்பித் தெரிகிறது என்று அர்த்தமில்லை, பலர் அப்படி நினைக்கிறார்கள், அது தவறு. ஆனால் தெரிந்த ஒன்றை எழுத இவ்வளவு பாடா என்ற களைப்பு அவர்களுக்குப் புரியும்.

டீச்சருக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். வரிசையாக ஒவ்வொருவராக வாசித்துக்கொண்டு வருவார்கள், என் முறை வர எத்தனை பேர் பாக்கி, எனக்கு எந்தப் பத்தி விழும் என்று எண்ணிக்கொண்டே இருப்பேன், அந்த ஒரு மணி நேரத்தில் பாடம் ஒரு வார்த்தை காதில் ஏறாது. அவன் வாசிக்க வேண்டும் என்றால் முதல் நாளே எந்த நான்கு வரி என்று சொல்லிவிடுங்கள், வீட்டில் பழகி வந்து வாசிப்பான், வாசித்து முடித்தபோது அவன் முகத்தைப் பாருங்கள்.

பார்த்தெழுதுவதை நிறுத்திவிட்டு நீங்கள் எழுதிய குறிப்பின் நகலைக் கொடுத்துவிடுங்கள், அல்லது நன்றாக எழுதும் மாணவனின் நோட்டைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரும் காணொளிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பாடத்தின் முக்கியமான பகுதியை உங்கள் குரலிலேயே பதிவு செய்து வாட்ஸாப்பில் அனுப்பினால் அவன் பத்து தடவை கேட்பான், நாங்கள் காதால் படிக்கிறவர்கள். எனக்கு ஒரு சார் அப்படி அனுப்பினார், வெப்பவியல் பாடம் இன்றைக்கும் அவர் குரலில்தான் ஞாபகம் இருக்கிறது. டிப்ளமோ முடித்து இப்போது சிஎன்சி எந்திரத்துக்கு நிரல் எழுதுகிறேன்.

வளமையம்_சிறப்புப்பயிற்றுநர்

தம்பி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, கணக்கு ஆசிரியருக்காக ஒரே ஒரு பழைய சங்கதி. 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார், இந்தக் குறைபாட்டைப் பற்றிய ஆரம்பகாலக் குறிப்புகளில் அது முக்கியமானது. அறிவான பையன், விளையாட்டில் கெட்டி, வாசிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுக்க வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மார்கன் எழுதியிருக்கிறார். அறிவியல் டீச்சர் எழுதிய பதிவைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நேரம் போதாத மற்ற பிள்ளைகளைப் பற்றியும் சார் கேட்டிருக்கிறார், நியாயமான கேள்வி. வகுப்புத் தேர்வுகளில் கேள்விகளைக் குறைத்து எல்லாருக்கும் நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள், கேள்வித்தாளைக் கொஞ்சம் பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே இடம் விட்டு அச்சடியுங்கள், ஆரம்பத்தில் ஒருமுறை எல்லாக் கேள்விகளையும் நீங்களே உரக்க வாசித்துவிடுங்கள். இதற்கெல்லாம் யாருடைய சான்றிதழும் வேண்டாம், 40 பேருக்கும் பயன்படும்.

நொய்டா_தமிழன்

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்காக ஒரு குறிப்பு, யாராவது தேடி வந்தால் உதவும். அங்கே ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கணக்கில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதல். எழுத ஆளும் உண்டு. இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழியோடு வேறு நான்கு பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். கணக்கில் குறைபாடு இருப்பவர்களுக்குச் சாதாரணக் கால்குலேட்டர் அனுமதி உண்டு. பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும்.

அறிவியல்_டீச்சர்

எல்லாருக்கும் மிகவும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கோவைத் தம்பி சொன்னபடி நேற்று மதியம் உட்கார்ந்து ஒலி பாடத்தின் ஒரு பகுதியைப் பதிவு செய்து அவனுக்கு அனுப்பினேன், இன்று காலை பிரேயர் முடிந்ததும் ஓடி வந்து எதிரொலிக்கும் எதிர்முழக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே விளக்கினான். தமிழ் அய்யா சொன்ன பென்சில் கோட்டை அவன் பக்கத்து மாணவனிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

பிரச்சினை வீட்டில். அம்மா சம்மதித்துவிட்டார், அப்பாதான் தயங்குகிறார். மாற்றுத்திறனாளி என்று சான்றிதழ் வாங்கினால் ஊரில் பேச்சாகிவிடும், நாளைக்கு அவன் வேலைக்கும் கல்யாணத்துக்கும் இடைஞ்சல் என்கிறார். இன்னொரு பயமும் இருக்கிறது, சோதனையில் குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் குறைவாக வந்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது, பெயர் மட்டும் கெடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவரிடம் என்ன சொல்லட்டும்?

வளமையம்_சிறப்புப்பயிற்றுநர்

அப்பாவின் பயம் நியாயமானது, அதைத் தட்டிக் கழிக்காமல் பேசுங்கள். சான்றிதழ் அவர் கையில்தான் இருக்கும். மருத்துவமனைக்கும் பள்ளி அலுவலகத்துக்கும் தேர்வுத் துறைக்கும் தெரியும், தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியலைக் காட்டி வேலை கேட்கும் இடத்தில் சான்றிதழைக் காட்டுவதா வேண்டாமா என்பது அவன் 18 வயதில் தானே எடுக்கப்போகிற முடிவு. இப்போது அவனை ஊர் எப்படிக் கூப்பிடுகிறது என்று கேளுங்கள். மக்கு என்கிற பெயர் ஏற்கெனவே ஒண்ணாம் வகுப்பிலிருந்து கூடவே வருகிறது, அதற்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

40 சதவீதம் பற்றி: இட ஒதுக்கீடு போன்ற சில உரிமைகளுக்குத்தான் அந்த அளவு கட்டாயம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதுவதில் சிரமம் உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத ஆள் கேட்டார், 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள், அந்த வரம்பை எழுத ஆள் தருவதற்கு நிபந்தனையாக வைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதை ஒட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, 40-க்குக் கீழே இருந்தாலும் எழுதச் சிரமப்படுபவர்களுக்கு உதவியாளரும் கூடுதல் நேரமும் தருவதற்குத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே 2021 நவம்பரில், நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட, எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவியின் வழக்கிலும் நீதிமன்றம் மாணவிக்கு அநீதி நடந்திருக்கிறது என்று சொன்னது. அப்பாவிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

யாராவது கண்ணுக்குப் பயிற்சி, கலர் கண்ணாடி, மூளைக்கு மாத்திரை என்று பணம் கேட்டால் போக வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். டிஸ்லெக்சியாவைக் குணமாக்கும் மருந்து கிடையாது, முறையான கற்பித்தல்தான் வழி. உங்களுக்கே பயிற்சி வேண்டும் என்றால் சென்னையில் 1991-லிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இயங்குகிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

அப்பாவால் பகலில் வர முடியாது என்றால் சனிக்கிழமை பள்ளிக்கு வரச் சொல்லுங்கள், நானோ உங்கள் வட்டாரத்தில் இருக்கும் பயிற்றுநரோ நேரில் வந்து பேசுவோம். வரும்போது பையனின் பழைய நோட்டுகள், ஒன்றிரண்டு விடைத்தாள்கள், ஆதார், பள்ளியிலிருந்து ஒரு கடிதம் எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்திருங்கள், மருத்துவமனையில் கேட்பார்கள். அந்த "ஒலி தனிரில்" விடைத்தாளையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள், கூடவே அவன் வாயால் சொன்ன பதிலை நீங்கள் கைப்பட எழுதி இணைத்துக் கொடுங்கள்.

கோவை_லேத்

டீச்சர், அப்பாவுக்கு வேண்டுமென்றால் நான் போனில் பேசுகிறேன். என் அப்பாவும் இதே மாதிரிதான் தயங்கினார், இரண்டு அப்பாக்களும் பேசிக்கொண்டால் இன்னும் நல்லது. தனிச்செய்தியில் நேரம் மட்டும் சொல்லுங்கள், இரவு ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்கிறேன்.